புது இடுப்பும் மண்வெட்டிக் காம்பும்

மண்வெட்டிக்குக் காம்பு போட்டிருக்கிறீர்களா? கண்ணுக்குள் லேசாக நுழையும்படி காம்பைச் செதுக்கினால் இரண்டே நாளில் ஆட்டம் கண்டுவிடும். ஒரு நூல் தடிப்பாக விட்டு, அடித்து இறக்கினால்தான் கெட்டியாக நிற்கும். இடுப்பு மூட்டு மாற்றும் டாக்டர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவேதான் என்றால் நம்புவீர்களா?

பால்மரக் காட்டில் மேடு பள்ளம் ஏறி இறங்கி, செம்பனைக் குலை சுமந்து உழைத்த பெரியவர்களுக்கு மூட்டு தேய்ந்து நடை தடுமாறுவதை நாம் வீட்டிலேயே பார்க்கிறோம். "மாற்றிவிடலாம்" என்று டாக்டர் சொன்னதும் எழும் முதல் கேள்வி, "உள்ளே வைக்கும் இரும்பு கழன்று வராதா?" என்பதுதான். நியாயமான கேள்வி! ஆனால், எலும்புக்குள் பொருத்துவது பெரும்பாலும் இரும்பல்ல; டைட்டானியம் என்ற உலோகம்.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டரிடம் வந்த ஒருவருடைய செயற்கை இடுப்பு, அசையும்போதெல்லாம் கிறீச்சிட்டதாம். உராய்வுதான் எதிரி என்று கண்டுகொண்ட அவர், 1962-ல் சிறிய உலோகக் குண்டையும் வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் சேர்த்து மூட்டு அமைத்தார். அதை எலும்போடு பிடித்து வைத்தது அக்ரிலிக் சிமெண்ட். இன்றும் பலருக்கு அந்த முறைதான். ஆனால் வருடங்கள் செல்லச் செல்ல, ஓடியாடும் சிலருக்குச் சிமெண்ட் பிடி தளர்ந்தது.

சிமெண்ட் இல்லாமல் எலும்பே உலோகத்தைப் பிடித்துக்கொண்டால்? சுவீடனில் பிரோனமார்க் என்பவர் 1952-ல் முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், எலும்பு விடவில்லை. பிறகு வந்தவர்கள் உலோகத்தின் மேற்புறத்தைக் கடற்பஞ்சு போல நுண்துளைகளாக்கினார்கள். ஒவ்வொரு துளையும் ஏறத்தாழ 100 முதல் 400 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். 1990-களில் டாண்டலம் என்ற உலோகத்தால் முழுக்க முழுக்கத் துளையாகவே செய்தும் பொருத்தினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், குண்டு சுழலும் இடத்தில் ஆகாத அதே உராய்வு, எலும்பும் உலோகமும் சேரும் இடத்தில் வேண்டியதாகிறது! டாக்டர் எலும்பை ஓரிரு மில்லிமீட்டர் சிறிதாகக் குடைந்து, உலோகத்தைத் தட்டி இறக்குகிறார். சொரசொரப்பு எலும்பைக் கவ்விக்கொள்கிறது. சொரசொரப்பு கூடினால் பிடியும் கூடும். உள்ளே இறக்குவதும் கடினமாகும். வலிந்து அடித்தால் எலும்பு விரிந்துவிடும். அங்கேதான் கை பழகியவரின் அருமை தெரிகிறது.

இந்தக் கவ்வல் முதல் சில வாரங்களுக்குத்தான். அதற்குள் எலும்பு வளர்ந்து துளைகளுக்குள் புக வேண்டும். பால்மரத்தில் மறந்துவிட்ட பழைய கம்பியைப் பட்டை வளர்ந்து விழுங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல. ஆனால் எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையே அசைவு சுமார் 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்பு புகுவதில்லை, நார்ச்சவ்வுதான் படரும். பிறகு எழுந்து முதல் அடி வைக்கும்போதே தொடையில் வலிக்கும். மறுபடியும் அறுக்க வேண்டி வரலாம்.

நம்மவர்கள் தவறுவது இங்கேதான். பழைய வலி போய்விட்டதால், பத்தாம் நாளே தண்ணீர் வாளியைத் தூக்கிவிடுகிறார்கள் நம் அம்மாமார்! வலி போனதும் எலும்பு பிடித்துவிட்டது என்று பொருளல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படுமுன் கேளுங்கள்: "சிமெண்ட் போட்டதா, போடாததா? எத்தனை வாரம் கழித்து முழு பாரம் ஊன்றலாம்?" பொருத்தம் கெட்டியாக அமைந்த சிலருக்கு உடனே ஊன்றி நடக்க அனுமதி கிடைக்கும், சிலருக்கு ஆறு வாரம் ஊன்றுகோல்தான். பக்கத்து வீட்டுத் தாத்தா பத்து நாளில் நடந்தார் என்று நீங்களும் கோலைத் தூக்கி மூலையில் வைத்துவிடாதீர்கள். அவருக்குப் போட்டது சிமெண்டாக இருக்கலாம்.