அதிர்ச்சியைத் தணிக்கும் கருவி

கண்டி நகருக்கு மேலே எழும் ஹந்தானை மலையின் தேயிலைத் தோட்டப் பாதைகளில் துவிச்சக்கர வண்டியில் இறங்குவோர், கல்லும் வேரும் மழைநீர் அரித்த பள்ளமும் தரும் அதிர்ச்சியை நன்கு அறிவர். அதனைத் தாங்குவது உடற்சுகத்திற்காக மட்டுமன்று. சில்லு நிலத்தை விட்டெழுந்த கணத்தில் பிறேக்கும் பயனற்றதாகும். சில்லை நிலத்தோடு பொருத்தி வைப்பதே அதிர்ச்சி தாங்கியின் முதற் கடமை.

அமெரிக்காவின் ரொக் ஷொக்ஸ் நிறுவனம் 1989ஆம் ஆண்டளவில் வெளியிட்ட முன்கவையின் பின்னரே, மலை வண்டிகளில் இக்கருவி பரவலாயிற்று. இதன் உறுப்புகள் இரண்டு: தாங்கும் வில், தணிக்கும் எண்ணெய்.

வில் மூவகைப்படும். எஃகுச் சுருள், அமுங்கும் அளவிற்கேற்பச் சீராக எதிர்க்கும். ஆனால் பாரம் மிக்கது. அடைத்த வளியோ சுருங்கச் சுருங்க மேன்மேலும் விறைக்கும். செலுத்துபவரின் எடைக்கேற்பக் கைப்பம்பினால் அதனைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். முற்காலக் கவைகளிலிருந்த றப்பர் போன்ற மீள்பொருட் கட்டைகள் எளியவை. ஆயினும் குளிரில் இறுகுவன.

வில் மட்டும் இருப்பின் வண்டி பந்தெனத் துள்ளும். ஏனெனில், வில் தான் ஏற்ற ஆற்றலைத் திருப்பித் தந்துவிடுகிறது. எனவேதான் ஆடுதண்டு எண்ணெயைச் சிறு துளைகளினூடே தள்ளுகிறது. துள்ளும் ஆற்றல் வெப்பமாக மாறி ஒழிகிறது. நெடிய இறக்கத்தில் எண்ணெய் நுரைத்தால் தணிப்புக் குன்றும். அதனைத் தடுக்கவே பின்தாங்கிகள் பலவற்றில் அழுத்திய நைதரசன் வாயு தனியறையில் அடைக்கப்படுகிறது.

கவைத்தண்டில் எண்ணெய் கசிந்தால், காப்பு வளையம் தேய்ந்ததென உணர்ந்து, மலையேறுமுன் செப்பஞ் செய்வதே அறிவுடைமை.