ஒரு பெட்டிக்குள் ஐந்து கணிப்பொறிகள்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் உற்பத்தியாகும் ஊர். 2017 மே மாதத்தில் அங்கிருந்த ரெனோ–நிசான் கூட்டுக் கார் ஆலையின் வேலை பாதிக்கப்பட்டது. காரணம் மின்வெட்டு அன்று. எந்திரக் கோளாறும் அன்று. ‘வானாக்ரை’ என்னும் தீய நிரல்! மே 12 அன்று பரவத் தொடங்கிய அது, சில நாட்களில் ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் புகுந்தது. அவற்றிலிருந்த கோப்புகளை எல்லாம் சங்கேத வடிவுக்கு மாற்றிப் பூட்டியது. திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று திரையில் அறிவித்தது.

பெரிய ஆலைக்கு வந்த தொல்லை நம் வீட்டுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணிப்பொறியை மலிவாக வாங்கி வந்து, வீட்டுக்கு ஒரு ‘சர்வர்’ அமைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பப் புகைப்படங்களுக்கு ஒரு கணிப்பொறி, வாசல் காமிராவுக்கு ஒன்று, தங்கை நிரல் எழுதிப் பழக ஒன்று, அவருடைய சோதனைகளுக்கு இரண்டு. ஐந்து பெட்டிகள் வாங்க வேண்டுமா? வேண்டாம். தக்க நிரல் இருந்தால் ஒரே பெட்டி ஐந்தாக நடிக்கும். இவற்றை மெய்நிகர் கணிப்பொறிகள் என்கிறோம். ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே இதைச் செய்து பார்த்து, 1972-இல் ‘வி.எம்./370’ என்ற பெயரில் வெளியிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே ஓடும் கணிப்பொறி ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வட்டு இருப்பதாக நம்புகிறது. உண்மையில் அந்த ‘வட்டு’ பெரும்பாலும் வெளிப்பெட்டியின் வட்டில் உள்ள ஒரு பெரிய கோப்புதான். அந்தக் கோப்பு கெட்டால் முழுக் கணிப்பொறியும் போயிற்று.

ஐந்தையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்தால் என்ன ஆகும்? ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கை நகர இன்னும் 8 மில்லி விநாடி. கூட்டினால் ஏறத்தாழ 12. ஆகவே, சிதறிக் கிடக்கும் தகவல்களை விநாடிக்கு 80 முறைதான் எடுத்துத் தர இயலும். ஐந்து பந்திக்கு ஒரே ஆள் பரிமாறுவது போல! ஒரு பந்திக்குச் சோறு போட்டுவிட்டு அடுத்த பந்திக்கு ஓடுவதற்குள் முதல் பந்தியில் சாம்பார் கேட்பார்கள்.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. சிலிக்கான் சில்லிலிருந்து விநாடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கலாம். ஆனால் எழுத எழுத அதன் சிற்றறைகள் தேயும். 1 டெராபைட் எஸ்.எஸ்.டி.க்கு 600 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருவது வழக்கம். தினம் 100 கிகாபைட் எழுதினாலும் 6,000 நாட்கள், அதாவது 16 ஆண்டுகள் ஆகும். தேய்மானம் பற்றி வீட்டில் மிகையாகக் கவலைப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். எனவே நம் இளைஞர் ஐந்து கணிப்பொறிகளின் ‘வட்டு’களை எஸ்.எஸ்.டி.யில் வைக்கட்டும். இடம் அதிகம் கேட்கும் புகைப்படங்களும் காமிராப் பதிவுகளும் ஹார்ட் டிஸ்குக்குப் போகட்டும்; அங்கே விலை குறைவு, இடம் அதிகம்.

ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் பழுதாகுமே? இதற்கு ஒரு வழியைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியான கட்டுரையில் வகுத்துக் காட்டினார்கள். அதன் பெயர் ‘ரெய்டு’. அதில் எளிய வகை, இரண்டு வட்டுகளிலும் ஒன்றையே எழுதுவது. மற்றொரு வகை அழகானது. முதல் வட்டில் 1, இரண்டாவதில் 0 என்றால், மூன்றாவதில் 1 எழுதுகிறார்கள். மூன்றிலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வர வேண்டும், அதுதான் விதி. எந்த வட்டு போனாலும் மற்ற இரண்டையும் பார்த்து, போனதைச் சொல்லிவிடலாம். நோட்டில் போட்டுப் பாருங்கள். 4 டெராபைட் வட்டுகள் மூன்று வாங்கினால் 8 டெராபைட் இடம் கிடைக்கும்.

பழுதான வட்டுக்குப் பதில் புதியது வைத்தால், விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் அதை நிரப்ப ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஏழு மணி நேரத்தில் இன்னொன்றும் போனால் எல்லாம் போயிற்று. எல்லா வட்டுகளையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமலிருப்பது நல்லது. ஒரே சமயத்தில் தயாரானவை ஒரே விதமாகப் பழுதாகக் கூடும்.

இப்போது 2017 மே மாதத்துக்குத் திரும்புவோம். வானாக்ரை போன்ற நிரல் புகுந்து ஒரு கோப்பைப் பூட்டினால் ரெய்டு என்ன செய்யும்? பூட்டிய கோப்பையே இரண்டு வட்டுகளிலும் ஒழுங்காக எழுதிவைக்கும்! தங்கை தவறி ஒரு படத்தை அழித்தாலும் இரண்டிலும் அழியும். ரெய்டு வட்டின் பழுதைத் தாங்கும். மனிதத் தவற்றையும் கயமையையும் தாங்காது. வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பலர் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளத்துக்கும் ரெய்டு பயன்படாது. 2015 டிசம்பர் மழையில் ஒரகடம் வட்டார ஆலைகள் பல நின்றன. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளங்கள் மூழ்கின. ஒரே பெட்டிக்குள் எத்தனை வட்டு இருந்தால் என்ன?

ஆகவே பணம் போதாவிட்டால், மூன்று வட்டு ரெய்டைக் கைவிட்டு ஒரே வட்டோடு நிற்கலாம். ஆனால் அதற்கு வெளியே இன்னொரு வட்டு கட்டாயம் வேண்டும். வாரம் ஒருமுறை இணைத்து நகல் எடுத்து, உடனே கழற்றிவிட வேண்டும். இணைப்பில் இல்லாத வட்டை எந்த நிரலும் பூட்ட முடியாது. நம் இளைஞர் திருவண்ணாமலைக்காரர் என்றால், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது இன்னொரு நகலைப் பையில் போட்டுக்கொண்டு போய் அம்மாவின் பீரோவில் வைத்து வரலாம்.

நகல் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் மெய்நிகர் கணிப்பொறி கைகொடுக்கிறது. நகல் வட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, ஆறாவது கணிப்பொறியாக ஓட்டிப் பாருங்கள். திரை எழுந்து, போன வருடத்துப் புகைப்படம் திறந்தால் சரி. பார்த்த பிறகு அந்த ஆறாவதை அழித்துவிடலாம்.