பட்டிக் காவலுக்கு நாட்டு நாய்: தேர்வும் பராமரிப்பும்

பத்து வெள்ளாடுகளும் ஒரு கறவை மாடும் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இரவுக் காவல் பெரிய கவலை. கூலிக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. அந்த இடத்தை நல்ல நாய் ஒன்று நிரப்பும். ஆனால் பட்டிக்குக் காவலும் நாய்தான், பட்டிக்கு எமனும் நாய்தான். காங்கேயம், திருப்பூர் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் 2024, 2025 ஆண்டுகளில் செய்தியாயின. கவனிப்பாரற்றுத் திரியும் நாய்க்கும், வீட்டோடு வளரும் காவல் நாய்க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் வளர்ப்பில்தான் இருக்கிறது.

எந்த இனம் ஏற்றது?

நாய் வாங்குமுன் அதற்கு என்ன வேலை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் நாட்டு இனங்கள் நம் வெயிலைத் தாங்குபவை. குட்டை ரோமம் உடையவை என்பதால் பராமரிப்பும் எளிது.

இராஜபாளையம்: விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இனம். வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, மடிந்து தொங்கும் காதுகள் இதன் அடையாளம். ஆண் நாய் 65 முதல் 75 செ.மீ. வரை தோளுயரம் இருக்கும். வீட்டாரிடம் பாசமும் அயலாரிடம் சந்தேகமும் கொண்டது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சிறந்த காவல். 2005-ல் வெளியான இந்திய அஞ்சல்தலைகளில் இடம்பெற்ற இனங்களுள் இதுவும் ஒன்று. இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு.

கோம்பை: தேனி மாவட்டம் கோம்பையின் பெயரைத் தாங்கிய இனம். செவலை நிறமும் கருமூஞ்சியும் கட்டான உடலும் உடையது. அஞ்சாத காவலாளி. ஆனால் முரட்டுத்தனம் அதிகம். சிறு வயதிலிருந்தே பழக்கத் தெரிந்தவர்களுக்கே ஏற்றது.

சிப்பிப்பாறை, கன்னி: ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் உடைய ஓட்ட நாய்கள். கன்னி பெரும்பாலும் கருப்பு நிறத்தில், கால்களிலும் கண்களுக்கு மேலும் பழுப்புத் திட்டுகளுடன் இருக்கும். இவற்றை இரவும் பகலும் சங்கிலியில் கட்டிவைப்பது கொடுமை. வேலியிட்ட தோட்டத்தில் ஓடித் திரிய இடம் இருந்தால் மட்டுமே வாங்கலாம். இவற்றை வைத்து முயல் வேட்டையாடுவது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அடர்ந்த ரோமமுள்ள வெளிநாட்டு இனங்களை அழகுக்காக வாங்கி வெயிலில் கட்டிப்போடக் கூடாது. நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கோடையில் இத்தகைய நாய்கள் வெப்பத் தாக்குதலில் சில மணி நேரத்திலேயே இறந்துவிடலாம்.

குட்டி வாங்கும்போது

பிறந்து எட்டு வாரம் ஆகுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. முடிந்தால் தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும். அதன் குணம் குட்டியிலும் தெரியும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, உப்பிய வயிறு, கழிச்சல் உள்ள குட்டியைத் தவிர்க்க வேண்டும். இராஜபாளையம் குட்டியானால், மற்றக் குட்டிகளிடமிருந்து தனியே பிரித்து, அதன் பார்வையில் படாமல் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். திரும்பாத குட்டி செவிடாக இருக்கலாம். ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இணைசேர்த்து எடுத்த குட்டிகளையும் வாங்க வேண்டாம்.

உணவு

மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை உணவு கொடுக்கலாம். மோர்ச்சோறு மட்டும் போதாது. வளரும் குட்டிக்கு வேகவைத்த முட்டை, கறி, மீன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சோற்றுடனோ கேழ்வரகுக் களியுடனோ சேர்க்க வேண்டும். வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு கொடுக்கக் கூடாது. அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். நிழலில் எந்நேரமும் குடிநீர் இருக்க வேண்டும்.

குடற்புழுவும் ஆடுகளும்

ஆடு வைத்திருப்போர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அறுத்த ஆட்டின் தலையையும் குடலையும் நாய்க்குப் பச்சையாகப் போட்டால் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழும். அங்கு மேயும் ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி உண்டாகி, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்து சாகும். நாய்க்கு மருந்து கொடுப்பது ஆட்டையும் காப்பாற்றுவதாகும். குட்டிக்கு மூன்றாவது வாரம் தொடங்கி மூன்று மாதம் வரை இரு வாரங்களுக்கு ஒருமுறையும், ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் குடற்புழு நீக்க வேண்டும். நாடாப்புழுவுக்குரிய மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

உண்ணிக்காகப் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் பூசுவது பெரும் ஆபத்து. நக்கிய நாய் வலிப்பு வந்து இறக்கும். எலிமருந்து வைத்த நாட்களில் நாயைக் கட்டிவைக்க வேண்டும்.

தடுப்பூசி

நாட்டு நாய்க்கு நோய் வராது என்ற எண்ணம் தவறு. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ நோய், தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும். இதற்கான முதல் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாவது மாதத்திலும், ஒரு மாதம் கழித்து மறுமுறையும், பின்னர் ஆண்டுதோறும் போட வேண்டும்.

வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதருக்கும் பிழைப்பு இல்லை. யாரையேனும் நாய் கடித்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் சொல்லும் ஊசிகளை ஒன்று விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தது வீட்டு நாயாயினும் இதில் மாற்றம் இல்லை.

கருத்தடை

பெண் நாய் 63 நாளில் குட்டி போடும். வேண்டாத குட்டிகளைச் சந்தையிலும் சாலையோரத்திலும் விட்டுவருவது வழக்கமாகிவிட்டது. ஓராண்டில் அவையே கூட்டமாகச் சேர்ந்து யாரோ ஒருவரின் பட்டிக்குள் நுழைகின்றன. குட்டி தேவையில்லாதவர்கள் உரிய வயதில் கருத்தடை செய்துவிட வேண்டும். இது தன் ஆட்டுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆட்டுக்கும் செய்யும் காவல் ஆகும். தடுப்பூசி, கருத்தடை விவரங்களை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டறியலாம்.