இரட்டைக் குரலின் விலை

ஜப்பானின் டோஹோ நிறுவனம் 1961-இல் வெளியிட்ட 'மோத்ரா' திரைப்படத்தின் கதை விந்தையானது. அணுகுண்டுச் சோதனைக்கு உள்ளான ஒரு தீவில், ஒரு முழ உயரம்கூட இல்லாத இரட்டைப் பெண்கள் வாழ்கிறார்கள். பேராசை பிடித்த வணிகன் ஒருவன் அவர்களைக் கவர்ந்து வந்து, டோக்கியோ மேடையில் ஏற்றி, சீட்டு விற்றுப் பாட வைக்கிறான். பார்வையாளர்கள் கைதட்டி மகிழும் அந்தப் பாட்டு, உண்மையில் உதவி கேட்டு எழுப்பும் குரல். அதைக் கேட்ட தீவின் காவல் தெய்வமான பேருருவ அந்துப்பூச்சி, கடல் கடந்து வந்து நகரைத் துவம்சம் செய்கிறது.

அந்தச் சிறு பெண்களாக நடித்துப் பாடியவர்கள் 'தி பீனட்ஸ்' என்ற பெயரில் புகழ்பெற்ற எமி இத்தோ, யுமி இத்தோ சகோதரிகள். 1941-இல் பிறந்த இரட்டையர். ஒரே தோட்டுக்குள் இரண்டு பருப்புகள் என்பதால் 'வேர்க்கடலை' என்று பெயர். பாடகியரை மேடையேற்றிப் பணம் பண்ணும் வணிகனைச் சாடிய அப்படத்தில் நடித்தபோது, அவர்களே ஒரு பெரிய கேளிக்கை நிறுவனத்தின் ஒப்பந்தக் கலைஞர்களாக இருந்தார்கள் என்பது நகைமுரண்.

அந்த நிறுவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஜாஸ் இசைக் கலைஞர்கள் அமெரிக்கப் படைமுகாம்களில் அன்றாடக் கூலிக்கு வாசித்து வந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஷின் வதனாபே, தம் மனைவி மிசாவுடன் இணைந்து 1955-இல் 'வதனாபே புரொடக்‌ஷன்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் என்ற முறையை அவர் கொண்டுவந்தார். நகோயாவில் பாடிக்கொண்டிருந்த இத்தோ சகோதரிகளை டோக்கியோவுக்கு அழைத்து வந்தவரும் அவரே.

பொருளியல் கண்கொண்டு பார்த்தால், மாதச் சம்பளம் என்பது ஒருவகைக் காப்பீடு. பாட்டு தோற்றாலும் பாடகருக்குச் சோறு உண்டு. ஆனால் பாட்டு பெருவெற்றி பெற்றால், சம்பளத்துக்கு மேற்பட்ட வருவாய் நிறுவனத்தைச் சேரும். தோற்கக்கூடியவருக்கு இது வரம். வெற்றி உறுதியானவருக்கு மிகை விலை கொடுத்து வாங்கிய காப்பீடு. வதனாபேயைத் திரைப்பட வில்லனோடு ஒப்பிடுவது நியாயமாகாது. நாளைய வருமானம் தெரியாத கலைஞர்களுக்கு அவர் நிலையான வாழ்வு தந்தார். ஒலிப்பதிவின் மூலநாடாவைத் தாமே தயாரித்து, அதன் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை 1960-களின் தொடக்கத்தில் புகுத்தியதும் அவர் நிறுவனம்தான். பாட்டுத் தொழிலில் நெடுங்காலச் செல்வம் குரலில் இல்லை, உரிமைப் பத்திரத்தில் இருக்கிறது என்பதை அவர் முன்னரே கண்டுகொண்டார்.

காலமும் கைகொடுத்தது. ஜப்பானில் தொலைக்காட்சி உரிமக் கணக்குகள் 1958-இல் 10 லட்சத்தைத் தொட்டன; 1962-இல் ஒரு கோடியைக் கடந்தன. வேகமாகப் பெருகிய அந்தத் திரைகளை நிரப்ப, பார்க்கவும் கேட்கவும் இனிமையான இரட்டையரைவிடப் பொருத்தமானவர் யார்? 1961-இல் தொடங்கிய அவர்களுடைய வாராந்தர நிகழ்ச்சியின் பெயர் 'சோப்புக்குமிழி விடுமுறை'. விளம்பரதாரர் ஒரு சோப்பு நிறுவனம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுடைய பாடல்களில் தலையாயது 1963-இல் வந்த 'கோய் நோ பகான்ஸ்'. 'காதல் விடுமுறை' என்று பொருள். டோகிகோ இவதானி எழுத, ஹிரோஷி மியாகவா இசையமைத்தார். ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் அதற்கு இசைவான வேறு சுரங்களில் உடன் செல்வதே ஒத்திசைப்பு. வேறு வேறு குரல்கள் இவ்வாறு பாடினால் இரண்டும் தனித்தனியே தெரியும். இரட்டையர் பாடும்போது ஒரே குரல் இரண்டாகப் பிளந்து நடப்பதுபோல் ஒலிக்கிறது. மியாகவா அதன்மீது ஜாஸ் தாளத்தின் அசைவை ஏற்றினார். இன்று கேட்டாலும் அதில் பழமை வாடை அடிக்கவில்லை.

'பகான்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல் அந்த ஆண்டின் நாகரிகச் சொல். டோரே துணி நிறுவனம் தன் கோடைக்கால ஆடைகளை அச்சொல்லைக் கொண்டே விற்றது. ஆனால் ஜப்பானியத் தொழிலாளி அப்போது வாரத்தில் ஆறு நாள் உழைத்தார். சாதாரணக் குடிமகன் சுற்றுலாவுக்காக வெளிநாடு செல்ல அரசு அனுமதித்ததே 1964 ஏப்ரலில்தான். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை, 500 டாலர் வரம்புக்குள். தேசிய வருமானத்தைப் பத்தாண்டுகளில் இரட்டிப்பாக்குவோம் என்று 1960-இல் அறிவித்த பிரதமர் இகேதாவின் நாட்டில், வருமானம் ஏறிக்கொண்டிருந்தது. ஓய்வு இன்னும் வந்து சேரவில்லை. வராத விடுமுறைக்கான ஏக்கத்தை மூன்று நிமிட இசைத்தட்டாக வாங்க முடிந்தது.

அந்தப் பாட்டு எல்லையும் தாண்டியது. 1960-களின் நடுவில் சோவியத் ஒன்றியத்தில் லியோனிட் தெர்பென்யோவ் எழுதிய ரஷ்ய வரிகளுடன் நீனா பந்தெலேயெவா அதைப் பாடினார். கடலோரக் காதல் பாட்டாக அது அங்கே வேரூன்றிவிட்டது. சோவியத் ஒன்றியம் உலகளாவிய பதிப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது 1973-இல்தான். அதற்கு முன் அங்கே அயல்நாட்டு மெட்டுக்கு உரிமைத்தொகை கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உரிமைத்தொகை கேட்டிருந்தால் அந்தப் பாட்டு அங்கே போயே இருக்காது என்று வாதிடலாம். அந்த வாதத்தில் உண்மை உண்டு; இழப்பைத் தாங்குபவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை.

உள்நாட்டிலும் பாடகர்களின் உரிமையைத் தனிவகை உரிமையாக வரையறுத்த புதிய பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1971-இல். அதற்குள் பீனட்ஸின் பெரும் வெற்றிப் பாடல்கள் வெளிவந்து முடிந்திருந்தன. ஆண்டிறுதியில் நாடே பார்க்கும் 'கோஹாகு' பாட்டு விழாவில் 1959 முதல் 1974 வரை தொடர்ந்து 16 முறை பாடிய அவர்கள், 1975 ஏப்ரலில், 34 வயதில் மேடையிலிருந்து விலகினார்கள். பழம் புகழை மீண்டும் விற்கும் நிகழ்ச்சிகள் எத்தனையோ வந்தும் பாடகியராக அவர்கள் திரும்பவில்லை. எமி 2012-இலும் யுமி 2016-இலும் காலமானார்கள். 2019-இல் வந்த ஹாலிவுட்டின் காட்ஸில்லா படத்தில், மோத்ரா சிறகு விரிக்கையில் யூஜி கோசெகி 1961-இல் அவர்களுக்காக அமைத்த மெட்டு ஒலித்தது.