சபாநாயகர் நாற்காலியில் ஒரு வக்கீல்

வக்கீலுக்குப் படித்தவர் சட்டமன்றத்துக்குப் போனால் சட்டத்துக்கு மரியாதை கூடும் என்றொரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அதை உரசிப் பார்க்க பி.எச்.பாண்டியனைவிடப் பொருத்தமானவர் தமிழ்நாட்டில் இல்லை. நெல்லைச் சீமையின் வழக்கறிஞரான அவர், 1977 முதல் 1989 வரை சேரன்மகாதேவி தொகுதியில் தொடர்ந்து நான்கு முறை வென்றார். துணை சபாநாயகராக இருந்து 1985-இல் சபாநாயகர் ஆனார். சபாநாயகருக்கு ‘வானளாவிய அதிகாரம்’ உண்டு என்ற அவருடைய பேச்சு இன்றைக்கும் மேடைகளில் கேலியாக அடிபடுகிறது. ஆனால் அது வெறும் சவடால் இல்லை, தேர்ந்த வக்கீல் ஒருவரின் வாதம். சட்டமன்றத்தின் உரிமைகள் எவை என்பதைச் சட்டம் போட்டு வரையறுத்துக்கொள்ளலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 194-வது பிரிவு. அதுவரை பழைய நிலையே தொடரும். அந்தப் பழைய நிலையோ பிரிட்டிஷ் நாடாளுமன்ற வழக்கத்திலிருந்து இரவல் வாங்கியது. தமிழ்நாடு அப்படி முழுமையான சட்டம் எதையும் இயற்றவில்லை. எழுதப்படாத அந்த இடத்தில்தான் பாண்டியன் தன் வானத்தை விரித்தார்.

அவர் காலத்துச் சம்பவங்கள் அடுத்தடுத்து வந்தன. 1986 டிசம்பரில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியை எரித்ததற்காக க.அன்பழகன் உள்ளிட்ட 10 திமுக உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். 1987 ஏப்ரலில், அமைச்சர்களையும் எம்.எல்.ஏ.க்களையும் கிண்டல் செய்த அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, மேல்முறையீடும் இல்லை. ஊரே கொதித்ததால் சில நாட்களில் விடுதலை செய்தார்கள். பிற்பாடு உயர் நீதிமன்றம் அந்தக் கைது செல்லாது என்று சொல்லி ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்க வைத்தது. பாலசுப்ரமணியன் அதைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது தமிழ்ப் பத்திரிகை உலகின் சுவையான கதைகளில் ஒன்று. 1988 ஜனவரி 28-இல் முதல்வர் ஜானகி அம்மாளின் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது அவைக்குள்ளேயே அடிதடி நடந்தது, போலீஸ் நுழைந்து தடியடி நடத்தியது. ஜானகி வென்றதாகப் பாண்டியன் அறிவித்தார். இரண்டே நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது.

இதற்கெல்லாம் சட்டம் தெரியாதது காரணமில்லை. நீதிமன்றத்தில் வக்கீல் எவ்வளவு துணிந்து வாதாடினாலும் எதிரே இன்னொரு வக்கீல் எழுந்து மறுப்பார், மேலே நீதிபதி உட்கார்ந்திருப்பார். அந்தத் தொழிலின் கட்டுப்பாடு இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறதே தவிர, கறுப்பு கோட்டில் இல்லை. சபாநாயகர் நாற்காலியில் பாண்டியனே வாதி, பாண்டியனே நீதிபதி. ராஜாஜியைச் சொல்லி இதை மறுப்பார்கள். சேலத்தில் பெயர் எடுத்த வக்கீல், கறாரான நிர்வாகி. உண்மைதான். ஆனால் 1938-இல் இந்தி எதிர்ப்பு மறியல்காரர்களைச் சிறைக்கு அனுப்ப அவருடைய அரசு எடுத்த ஆயுதம், காங்கிரஸே முன்பு அடக்குமுறை என்று எதிர்த்த குற்றவியல் திருத்தச் சட்டம். அதிகாரத்துக்கு வந்ததும் கட்சிக்காரர் மாறிவிட்டார், வாதமும் மாறிவிட்டது. 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில், கட்சித்தாவல் குறித்த சபாநாயகரின் முடிவும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வானத்தின் உயரம் கொஞ்சம் குறைந்தது. அதுவும் வெளியிலிருந்து வந்த கட்டுப்பாடுதான்.

சென்னைப் புறநகரான முடிச்சூரில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு இந்தப் பழங்கதை எதற்கு, ரோடும் மழைநீர்க் கால்வாயும் போதாதா என்று கேட்கலாம். 2015-இல் அடையாறு பெருக்கெடுத்து அங்கே வீடுகள் மூழ்கியதற்கு மழை மட்டும் காரணமில்லை. ஏரியும் வரத்துக்கால்வாயும் யார் பொறுப்பு, மனைப்பிரிவுக்கு யார் அனுமதி தருகிறார்கள் என்பதெல்லாம் சட்டத்தில் எழுதப்படும் விஷயங்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இலேயே சட்டம் வந்துவிட்டது. 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது, முடிச்சூர் ஊராட்சியாகவே விடப்பட்டது. பக்கத்துப் பெருங்களத்தூருக்கு ஒரு சட்டம், இங்கே வேறொரு சட்டம் என்று ஆனது. இப்படிப்பட்ட மசோதாக்கள் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் கட்டுக்கட்டாக வந்து குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. எதிர்த்தரப்பு வக்கீல் தேவைப்படுவது அங்கேதான், ஆளுங்கட்சி வரிசையிலும்கூட. கொறடா இருக்கும்போது அது எப்படி நடக்கும் என்பது நியாயமான கேள்வி. கொறடா உத்தரவு வாக்கைக் கட்டுமே தவிர, ஓர் உட்பிரிவுக்கு விளக்கம் கேட்பதைக் கட்டாது. வழக்கறிஞர் ஒருவர் எம்.எல்.ஏ.வாக ஐந்தாண்டு இருந்துவிட்டு மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தால், அவர் எத்தனை மசோதாக்களில் அப்படி எழுந்து கேட்டார் என்பதைப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் பார்த்துவிடலாம்.