மறுபடியும் அதே மலைக்கு

சேந்தமங்கலத்தில் எங்கு நின்றாலும் கிழக்கே கொல்லிமலை தெரியும். 1913இல் ஆங்கிலேய மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும் அவருடைய மனைவி ஈவ்லினும் கல்யாணமான கையோடு அந்த மலைக்குக் குடிபோனார்கள். மலேரியாவுக்குப் பயந்து சமவெளி ஜனங்களே ஏறத் தயங்கிய காலம் அது.

மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சு வேலை கற்றுத் தந்தார்கள். மலை ஜனங்களோ ஆண்டுக்கணக்கில் விலகியே இருந்தார்கள். ஊர்ப் பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். 1918 விஷக்காய்ச்சலில் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தபோது, கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தன் பெண் குழந்தையை ஒப்படைத்தது இவர்கள் கையில்தான்.

1923இல் தங்கள் இரு பிள்ளைகளையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவந்தார்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸி, மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வயது 44. அப்பா இறந்ததைச் சொல்லும் தந்தி மகன் பாலுக்குக் கிடைத்த பிறகுதான், அப்பா எழுதியிருந்த கடிதம் கப்பலில் போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்து திரும்பிய தாயைக் கண்டு பால் அதிர்ந்துபோனார். முகம் ஒடுங்கி, உடல் கூனி, வேறு யாரோ போல இருந்தார் ஈவ்லின்.

கடவுளை நம்பினால் துக்கம் விலகிவிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. ஈவ்லினுக்கு அது விலகவில்லை. துக்கத்தோடேயே இந்தியா திரும்பினார். மிஷன் அவரைச் சமவெளி வேலையில் வைத்தது. கேட்ட மலை கிடைக்கவில்லை. கசந்துபோக அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் காத்திருந்தார். எழுபதை நெருங்கும் வயதில் மிஷனிலிருந்து ஓய்வு பெற்றார். இனி யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று மலையேறினார். இந்தக் கட்டத்தைத்தான் நான் நம்பிக்கை என்பேன். கணவர் பாதியில் விட்டுப்போன வேலை அங்கே கிடந்தது. அதைத் தொடர்வதே அவருக்கு ஜெபம்.

மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். பலமுறை விழுந்து எலும்பு முறிந்தும், இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். நரம்புச்சிலந்தி நோய் ஒழிய, கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லிக்கொடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட், கீழே வந்துவிடும்படி அம்மாவைக் கெஞ்சிப் பார்த்தார். அம்மா இறங்கவில்லை.

1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். வாழவந்தி நாட்டில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். கொல்லிமலைக்குப் போகிற நாம் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் குளித்துவிட்டுத் திரும்புகிறோம். எந்தச் சாமியைக் கும்பிடுபவராக இருந்தாலும் சரி, அடுத்த முறை அந்தக் கல்லறைகளையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.