ஒரே பனி நிலம், நான்கு பெயர்கள்

அண்டார்க்டிகாவின் வரைபடத்தில் கண்டம் ஏறக்குறைய வட்டமாகத்தான் இருக்கும். ஒரு வால் மட்டும் அதிலிருந்து பிரிந்து தென் அமெரிக்காவை நோக்கி நீண்டிருக்கும். நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். நடுவே மலைத்தொடர், அதன் மேல் பனிப் பீடபூமி, இருபுறமும் கடலுக்கு இறங்கும் பனியாறுகள். இந்த வாலின் வடமுனைக்கு அப்பால் டிரேக் நீரிணை. அதன் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்தால் தென் அமெரிக்காவின் கடைக்கோடி.

இன்று அந்த வாலின் பெயர் அண்டார்க்டிக் தீபகற்பம். இதில் கற்பனை எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சாதாரணப் பெயருக்கு வந்து சேர உலகத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அருகே பிடித்தது.

1820 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் எட்வர்ட் பிரான்ஸ்ஃபீல்ட் இதன் வடமுனையைக் கப்பலிலிருந்து பார்த்து 'டிரினிட்டி லேண்ட்' என்றார். அதே ஆண்டு நவம்பரில், கடல்நாய்த் தோல் தேடி வந்த நத்தானியேல் பால்மர் என்ற 21 வயது அமெரிக்கர் 'ஹீரோ' என்ற சிறு பாய்க்கப்பலிலிருந்து பார்த்தார். முதலில் கண்டது யார் என்ற சண்டை அப்போதே விதைக்கப்பட்டுவிட்டது. 1832-இல் வந்த ஜான் பிஸ்கோ, பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்தின் தலைவர் ஜேம்ஸ் கிரகாமின் பெயரைச் சூட்டினார். பிரிட்டிஷ் வரைபடங்களில் 'கிரகாம் லேண்ட்' நிலைத்தது. அமெரிக்கர்கள் 'பால்மர் தீபகற்பம்' என்றார்கள். சிலி 'ஓ'ஹிகின்ஸ் நிலம்' என்றது. அர்ஜென்டினா 'சான் மார்ட்டின் நிலம்' என்றது.

இதில் ஒரு வேடிக்கை. ஓ'ஹிகின்ஸும் சான் மார்ட்டினும் 1817-இல் ஒரே படையில் ஆண்டிஸ் மலையைக் கடந்து ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட தோழர்கள். அவர்கள் கால் வைக்காத பனியில், அவர்கள் பெயரால் இரு நாடுகள் போட்டி போட்டன.

பெயர் வைப்பது இங்கே வெறும் மரியாதை அல்ல, பட்டா எழுதுவதற்குச் சமம். பிரிட்டன் 1908-லும் சிலி 1940-லும் உரிமை கோரின. அர்ஜென்டினாவும் அதே காலத்தில் சேர்ந்துகொண்டது. மூன்றின் எல்லைகளும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. 1952-இல் ஹோப் பே என்ற இடத்தில், கரையேற வந்த பிரிட்டிஷ் குழுவின் தலைக்கு மேல் அர்ஜென்டினர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. 1959-இல் கையெழுத்தான அண்டார்க்டிக் உடன்படிக்கை உரிமைக் கோரிக்கைகளை ரத்து செய்யவில்லை. இருந்த நிலையிலேயே நிறுத்தி வைத்தது.

பெயர்ச் சண்டை இருக்கட்டும், இது தீபகற்பம்தானா என்பதே ஒரு காலத்தில் கேள்வியானது. 1928 டிசம்பரில் ஹியூபர்ட் வில்கின்ஸ் விமானத்தில் இதன் மேல் பறந்தார். கீழே தெரிந்த பள்ளங்களைக் கடல் கால்வாய்கள் என்று நம்பி அவற்றுக்குப் பெயரும் சூட்டினார். அதன்படி கிரகாம் லேண்ட் கண்டத்திலிருந்து துண்டாகிக் கிடக்கும் தீவாகிவிட்டது. மேலிருந்து பார்த்தால் பனிநிறைந்த பள்ளத்தாக்கும் உறைந்த கடலும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1934 முதல் 1937 வரை ஜான் ரைமில் தலைமையில் ஒரு சிறு குழு, நாய் வண்டிகளோடும் ஒரு குட்டி விமானத்தோடும் வந்து, கால்வாய் இருக்க வேண்டிய இடங்களைத் தேடியது. அங்கே இருந்தவை பனியாறுகள். 'கேசி கால்வாய்' பிறகு 'கேசி பனியாறு' ஆனது. தீவு மீண்டும் தீபகற்பமானது.

1964-இல் பிரிட்டனின் பெயர்க் குழுவும் அமெரிக்காவின் பெயர்க் குழுவும் சமரசத்துக்கு வந்தன. முழுவதற்கும் அண்டார்க்டிக் தீபகற்பம். வடபாதி கிரகாம் லேண்ட், தென்பாதி பால்மர் லேண்ட். இருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தாயிற்று. சிலியும் அர்ஜென்டினாவும் தங்கள் பெயர்களை விட்டுவிடவில்லை.

பெரிய பெயர்களில்தான் இத்தனை இழுபறி. சின்னப் பெயர்களில் பெயர்க் குழுக்காரர்கள் ரசிகர்களாகவே இருந்திருக்கிறார்கள். அருகிலுள்ள பிரபாண்ட் தீவில் மருத்துவர்களின் கூட்டம்: ஹிப்போகிராட்டஸ், லிஸ்டர், காக் எல்லாம் பனியாறுகள். கிழக்குக் கரையில் ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவல் பனியாறுகளாக உறைந்து கிடக்கிறது. கதையில் வரும் பெக்வாட் கப்பலுக்கும் அங்கே இடமுண்டு.

பெயர் நிலைத்தாலும் பெயர் தாங்கிய பொருள் நிலைப்பதில்லை. நார்வே மாலுமி கார்ல் ஆண்டன் லார்சனின் பெயர் கொண்ட பனித்தட்டில், 'லார்சன் ஏ' 1995-இல் உடைந்தது. 2002-இல் 'லார்சன் பி'யிலிருந்து சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கிப் போனது.

அளவுகளும் அப்படித்தான். 2017-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மறுபடி அளந்தபோது, மவுண்ட் ஹோப் 3,239 மீட்டர் என்று தெரிந்தது. அதுவரை முதலிடத்தில் இருந்த மவுண்ட் ஜாக்சனைவிட 55 மீட்டர் அதிகம். பிரிட்டன் உரிமை கோரும் பகுதியின் உயரமான சிகரம் ஒரே நாளில் மாறியது.

உடன்படிக்கை வந்தும் பெயர் வைக்கும் ஆசை ஓயவில்லை. 2012 டிசம்பரில் பிரிட்டன், தீபகற்பத்துக்குத் தெற்கே தான் கோரும் பனிப்பரப்பின் ஒரு பெரிய பகுதிக்கு 'குயின் எலிசபெத் லேண்ட்' என்று பெயரிட்டது. அது பிரிட்டனைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பரப்பு. அர்ஜென்டினா உடனே கண்டனக் கடிதம் அனுப்பியது.